விலை குறைவாகத்தானே போட்டேன், பிறகு ஏன் கிடைக்கவில்லை?

மருதமுனையிலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதம் இது. கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

"சேர், வாப்பா காலத்திலிருந்து எங்களுக்குக் கைத்தறிதான் தொழில். சுனாமியில் இரண்டு தறி போனது. மீண்டும் எழும்பி, இப்போது ஆறு தறி ஓடுகிறது. எங்கள் பகுதி அரச வைத்தியசாலை ஒன்று 600 கட்டில் விரிப்பும் 600 தலையணை உறையும் வாங்க விலைமனு கோரியது. நானும் போட்டேன். பெட்டி திறந்த அன்றைக்கு அங்கேயே நின்றேன். வாசித்த ஐந்து விலையில் இரண்டு பொருளுக்கும் என்னுடையதுதான் ஆகக் குறைவு. ஒன்றரை மாதம் கழித்து விசாரித்தால், வெளி மாவட்டத்து நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தாகிவிட்டது என்கிறார்கள். விரிப்பு ஒன்றுக்கு அவர்களின் விலை என்னுடையதை விட 210 ரூபாய் கூட. காரணம் எதுவும் சொல்லவில்லை. 'ஆள் பிடிக்காமல் ஆஸ்பத்திரி டெண்டர் கிடைக்காது, அடுத்த முறை களஞ்சியத்தில் ஒருவரைக் கவனி' என்று காக்கா (அண்ணன்) சொல்கிறார். கிடைத்தாலும் காசு வர ஆறு மாதம் ஆகும் என்றும் சொல்கிறார்கள். இந்த வேலைக்குப் போவதா, விடுவதா? கோரல் பத்திரத்தின் பிரதியையும் என் விலைமனுவின் பிரதியையும் இணைத்திருக்கிறேன்."

தம்பி, பிரதிகளை இணைத்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. எனக்கு வரும் பத்துக் கடிதத்தில் ஒன்பது வெறும் மனவருத்தத்தோடு மட்டும் வரும். தாளைப் பார்க்காமல் நான் என்ன சொல்வது? உங்களுடைய இரண்டு பத்திரத்தையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, ஒரு முழு மாலை வாசித்தேன். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வைத்தியசாலைக் கணக்குக் கிளைகளில் 27 வருடம் இருந்தவன் நான். யாரிடம் வாங்குவது என்று முடிவெடுக்கும் பெறுகைக் குழுக்களில் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தால் எப்படி வாசித்திருப்பேனோ அப்படியே உங்கள் விலைமனுவையும் வாசித்தேன்.

வாசித்ததை மறைக்காமல் சொல்கிறேன். நான் அந்தக் குழுவில் இருந்திருந்தாலும் உங்கள் விரிப்பைத் தெரிவு செய்திருக்க முடியாது. காசு கை மாறியதா இல்லையா என்பது வேறு கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன். காசு கை மாறாமலேயே அது தள்ளுபடியாக மூன்று காரணங்கள் உங்கள் தாளிலேயே இருக்கின்றன.

கோரல் பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். விரிப்பு 60 அங்குலம் அகலம், 100 அங்குலம் நீளம், "நடுவில் இணைப்பில்லாத ஒரே துண்டு" என்று இருக்கிறது. உங்கள் தறி 45 அங்குலம். அதனால் நீங்கள், "இரண்டு அகலம் இணைத்துத் தைத்தது" என்று நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக் கட்டிலுக்கு அந்தத் தையல் ஒரு குறையே இல்லை. வார்டில் கதை வேறு. பக்கவாதம் வந்து, தானாகப் புரள முடியாமல் கிடக்கும் ஒரு முதியவரை நினைத்துப் பாருங்கள். அந்தத் தையல் வரம்பு அவருடைய இடுப்பெலும்புக்குக் கீழே இரவு பகலாக அழுத்திக்கொண்டிருக்கும். படுக்கைப்புண் அப்படியான இடத்தில்தான் தொடங்கும். தொடங்கிவிட்டால் அதை ஆற்றுவதற்குச் செலவாகும் மருந்து, கட்டுத்துணி, தாதியரின் நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு விரிப்பின் விலை எந்த மூலைக்கு? தையல் இடுக்கில் இரத்தமும் சீழும் தங்கும், வெளுப்பில் முதலில் கிழிவதும் அந்த இடம்தான். அந்த ஒரு வரியை யாரோ ஒரு வார்ட் சிஸ்டர் அனுபவத்தில் எழுதச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, விலை செல்லுபடியாகும் காலம். அவர்கள் கேட்டது 90 நாள். நீங்கள் போட்டது 30 நாள். ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று எனக்கு விளங்குகிறது. நூல் விலை மாதத்துக்கு மாதம் ஏறுகிறது, மூன்று மாதத்துக்கு ஒரே விலையில் நிற்பது பயம்தான். ஆனால் விலைமனு திறந்து, தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு கூடி, மாதிரிகளைப் பார்த்து, அறிக்கை எழுதி, பெறுகைக் குழு முடிவெடுத்து, கடிதம் வெளிக்கிடுவதற்குள் 30 நாள் போய்விடும். முடிவு வரும்போது உங்கள் விலை உயிரோடு இல்லை. இது குழுவினர் மன்னித்து விடக்கூடிய சின்னப் பிழைகளில் சேராது. வியாபாரப் பதிவின் பிரதி ஒன்று தவறிப் போனால், "கொண்டு வாருங்கள்" என்று கேட்டு வாங்கலாம். கூட்டல் பிழை இருந்தால் அலகு விலையை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். காலத்தைக் குறைத்துப் போட்டதைத் திறந்த பிறகு நீட்ட விட்டால், சரியாகப் போட்ட மற்ற நான்கு பேருக்கும் அது அநியாயம்.

மூன்றாவது, மாதிரி. ஒவ்வொரு பொருளிலும் முழு அளவில் ஒன்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் கைக்குட்டை அளவுத் துண்டு ஒன்றைத் தாளோடு கவ்வி வைத்திருக்கிறீர்கள்.

இப்போது எனக்கே வயிறு எரிந்த விசயத்துக்கு வருகிறேன். அந்தக் கோரல் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், "ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக மதிப்பிடப்படும்" என்று ஒரு வரி இருக்கிறது. அதாவது விரிப்பை ஒருவருக்கும் தலையணை உறையை இன்னொருவருக்கும் கொடுக்கலாம். தலையணை உறைக்கு உங்கள் 45 அங்குலத் தறி தாராளம். இணைப்பு என்ற பேச்சே இல்லை. விலையிலும் நீங்கள்தான் குறைவு. 90 நாள் என்று எழுதி, முழு உறை ஒன்றை மாதிரியாக வைத்திருந்தால் அந்த 600 உறையும் உங்கள் வீட்டுத் தறியிலிருந்து போயிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

பெட்டி திறக்கும்போது விலைகளைச் சத்தமாக வாசிப்பார்கள். அது வெளிப்படைத்தன்மைக்காக இருக்கும் நல்ல வழக்கம். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் போட்டி அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. அப்புறம் ஒவ்வொரு மனுவும் கேட்டபடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கேட்டபடி இல்லாதவை முதலில் கழியும். மிஞ்சியவற்றுக்குள் ஆகக் குறைந்த விலை எது என்பதுதான் கடைசிக் கேள்வி. நாடு முழுவதற்கும் பெறுகை வழிகாட்டல்கள் இருக்கின்றன. 2006 இல் வந்தவைதான் நீண்ட காலம் நடைமுறையில் இருந்தன. தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அந்த ஆணைக்குழுவே 2015 இல் அரசியலமைப்பின் 19ஆம் திருத்தத்தால் வந்து, 2020 இல் 20ஆம் திருத்தத்தால் இல்லாமல் போய், 2022 இல் 21ஆம் திருத்தத்தால் திரும்பி வந்த ஒன்று. விதி மாறினாலும் ஆணைக்குழு வந்து போனாலும், கேட்டதற்குப் பொருந்துகிறவற்றுள் குறைந்த விலை என்ற அடிப்படை மாறவில்லை.

"210 ரூபாய் கூடக் கொடுத்து வாங்குகிறார்களே, 600 விரிப்புக்கு ஒரு இலட்சத்து 26 ஆயிரம் ரூபாய் பொதுமக்களின் காசு" என்று நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நியாயமான கணக்கு. ஆனால் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை செய்த வைத்தியசாலை ஒன்றில் ஒரு வருடம் ஆகக் குறைந்த விலைக்கு விரிப்பு வாங்கினோம். கோரல் பத்திரத்தில் நாங்கள் எழுதியது "வெள்ளைப் பருத்தி விரிப்பு" என்ற ஒரே வரி. நூல் இலக்கம் இல்லை, சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்று இல்லை, சுருக்கம் எவ்வளவு வரலாம் என்று இல்லை. வந்த துணி கஞ்சி போட்டு மொறுமொறுவென்று அழகாக இருந்தது. மூன்றாவது வெளுப்பில் கஞ்சி போய், சல்லடையாகிவிட்டது. மெத்தையின் ரெக்சின் உறை தெரிந்தது. நீளமும் சுருங்கி, கால் பக்கம் மெத்தைக்குக் கீழே மடிக்க முடியவில்லை. நோயாளிகள் வீட்டிலிருந்து சாரத்தையும் பழைய சேலையையும் கொண்டுவந்து விரித்துப் படுத்தார்கள். அடுத்த வருடப் பொருள் கணக்கெடுப்பில் பாதிக்கு மேல் கழிவுக்குப் போனது. விதிப்படி எல்லாம் சரி, கணக்காய்வில் ஒரு கேள்வியும் வரவில்லை. ஆனால் அந்த வார்டுக்குள் போக எனக்கு முகம் இல்லாமல் இருந்தது. விவரக்குறிப்பு என்ற அந்த இரண்டு பக்கத்துக்கு நான் மரியாதை கொடுக்கப் பழகியது அன்றைக்குத்தான்.

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். 900 ரூபாய் விரிப்பு 40 வெளுப்புத் தாங்கினால், ஒரு தடவை விரிக்க 22 ரூபாய் 50 சதம். 1,100 ரூபாய் விரிப்பு 120 வெளுப்புத் தாங்கினால் 9 ரூபாய் சொச்சம். வைத்தியசாலை வெளுப்பு வீட்டு வெளுப்பு மாதிரி இல்லை. கிருமி சாக, 71 பாகை செல்சியஸ் சூட்டில் 25 நிமிடம் வைப்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அதற்கு மேல் குளோரின் வேறு. ஒரு கட்டிலுக்கு ஒன்று விரிப்பில், ஒன்று வெளுப்பில், ஒன்று அலுமாரியில் என்று குறைந்தது மூன்று வேண்டும். ஆகவே உங்கள் துணி எத்தனை வெளுப்புத் தாங்கும் என்பதுதான் உங்களுடைய உண்மையான விலை. மருதமுனை நெசவு அதில் தோற்காது என்று நான் நம்புகிறேன். நல்ல இரட்டை நூலில் நெய்த உங்கள் ஊர்ச் சாரம் ஒன்றை எத்தனை வருடமாக உடுத்துகிறேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் குழுவின் மேசையில் நம்பிக்கையை வைக்க முடியாது, தாளைத்தான் வைக்கலாம். கொழும்பில் இலங்கை கட்டளைகள் நிறுவகத்தின் ஆய்வுகூடத்தில் துணியைக் கொடுத்து, எடை, சுருக்கம், சாயம் போகும் அளவு ஆகியவற்றுக்கு அறிக்கை எடுத்து வையுங்கள். ஒரு தடவை செலவு. பல விலைமனுவுக்கு உதவும்.

இனி காக்கா சொன்ன விசயம்.

உள்ளே கையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். ஒரு தடவை தலையணை வாங்க மூன்று கடைகளின் கொட்டேசன் என் மேசைக்கு வந்தது. மூன்றும் வெவ்வேறு கடிதத் தலைப்பு, வெவ்வேறு முத்திரை. ஆனால் மூன்றிலும் "தலையணை" என்ற சொல் "தலயணை" என்றே அடிக்கப்பட்டிருந்தது. மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே கமா. ஒரே கையில் பிறந்த மூன்று பிள்ளைகள். கோப்பில் அப்படியே குறிப்பு எழுதி, திருப்பி அனுப்பி, புதிதாகக் கோர வைத்தோம். அதற்காகச் சிலர் என்னோடு பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேறு வழிகளும் உண்டு. ஒரு குறிப்பிட்ட கம்பனியின் பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விவரக்குறிப்பு எழுதுவது, பெரிய கொள்வனவைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து மேல் குழுவுக்குப் போகாமல் முடிப்பது, அறிவித்தலை ஒரு பலகையில் மட்டும் ஒட்டிவிட்டு நாலு நாளில் பெட்டியை மூடுவது, தேவையில்லாத இடத்தில் "அவசரம்" என்று எழுதுவது. இவற்றில் ஏதாவது உங்கள் விசயத்தில் நடந்ததா என்று தேடினேன். அறிவித்தலுக்கும் முடிவுத் திகதிக்கும் இடையில் மூன்று வாரம் இருக்கிறது. விவரக்குறிப்பில் எந்தக் கம்பனியின் பெயரும் வாடையும் இல்லை. ஐந்து பேர் போட்டிருக்கிறார்கள். தாளில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

களஞ்சியத்தில் ஒருவரைக் "கவனிப்பது" பற்றிக் கேட்டால், என் பதில் வேண்டாம் என்பதுதான். அது சட்டத்துக்குப் பயந்து சொல்வது மட்டும் இல்லை. களஞ்சியக் காப்பாளர் தனியாக டெண்டர் முடிவு செய்வதில்லை. வார்டிலிருந்து தேவை மேற்றனுக்கு, அதாவது தலைமைத் தாதிக்குப் போகும், அங்கிருந்து களஞ்சியக் கையிருப்போடு ஒப்பிட்டு, கணக்காளரிடம் ஒதுக்கீடு இருக்கிறதா என்று பார்த்து, வருடாந்தப் பெறுகைத் திட்டத்தில் ஏறி, மதிப்பீட்டுக் குழு, பெறுகைக் குழு என்று பல கையெழுத்துத் தாண்டித்தான் முடிவு வரும். காப்பாளரின் அதிகாரம் தொடங்குவது நீங்கள் பொருளைக் கொண்டு இறக்கும்போது. எண்ணிப் பார்த்து, மாதிரியோடு ஒப்பிட்டு, பதிவேட்டில் ஏற்றுகிறவர் அவர்தான். இப்போது காசு கொடுத்துப் பழக்கினால் டெண்டர் கிடைக்காது, பிறகு ஒவ்வொரு தடவை லொறி வாசலுக்கு வரும்போதும் அந்தக் கை நீளும். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி வாங்குகிறவர் மாதிரியே கொடுக்கிறவரும் குற்றவாளி. வாப்பா காலத்திலிருந்து வந்த தொழிலின் பெயர் ஒரு வழக்கு இலக்கத்தோடு சேர்ந்து நிற்க வேண்டாம். யாராவது உங்களிடம் வாய் விட்டுக் கேட்டால் திகதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

சந்தேகத்தை மனதில் வைத்துப் புழுங்குவதை விட, கேட்டுத் தீர்ப்பது நல்லது. முடிவு அறிவிக்கப்பட்ட பிறகு, என் விலைமனு ஏன் தெரிவாகவில்லை என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. முடிவுக்கு முன்னர் கேட்டால் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. மதிப்பீடு நடக்கும் காலத்தில் விலைமனு போட்டவர்களோடு அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் குழுவின் ஒழுக்கம். உங்கள் விசயத்தில் முடிவு வந்துவிட்டது. வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு விலைமனு இலக்கம், திகதி போட்டு, ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "அநியாயம்", "ஊழல்" என்ற சொற்கள் வேண்டாம். காரணத்தைத் தயவுசெய்து தெரிவிக்கவும், அடுத்த முறை திருத்திக்கொள்ள உதவும் என்று எழுதினால் போதும். பெரும்பாலான பணிப்பாளர்கள் அதற்குப் பதில் தருவார்கள்.

தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள், மேன்முறையீட்டைக் கேட்பதற்கென்று அதே நிறுவனத்தில் இருக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. மற்ற நிறுவனத்தின் வியாபார இரகசியம் என்று சிலதைத் தர மறுக்கலாம். ஆனால் உங்கள் மனுவைத் தள்ளிய காரணம் யாருடைய இரகசியமும் இல்லை. இந்த வழியில் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: இணைப்பு, 30 நாள், மாதிரி என்று நான் சொன்னதே பதிலாக வரும். வேறு ஏதாவது வந்தால், உங்கள் காக்கா சொன்னதற்கு அப்போது நானும் காது கொடுக்கிறேன்.

இந்தப் பக்கத்தை வைத்தியசாலை நிருவாகத்தில் இருக்கிறவர்களும் வாசிப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவர்களுக்கு ஒரு வார்த்தை. தெரிவாகாதவர்களுக்கு நாலு வரிக் கடிதம் அனுப்பத் தட்டச்சாளருக்குக் கால் மணி நேரம் போதும். அதை அனுப்பாததால்தான் இந்த ஊர்களில், "உள்ளே ஆள் இல்லாமல் ஒன்றும் நடக்காது" என்ற பேச்சு வளர்கிறது. அதை நம்பி நேர்மையான சின்ன நெசவாளர் விலகிப் போனால், அடுத்த முறை ஐந்து மனு வந்த இடத்தில் இரண்டுதான் வரும். விலை தானாக ஏறும். நஷ்டம் வைத்தியசாலைக்குத்தான்.

காசு தாமதமாவது பற்றி. ஆறு மாதம் என்று கேள்விப்பட்டது மிகை இல்லை, அப்படியும் நடந்திருக்கிறது. ஏன் என்று தெரிந்தால் திட்டம் போடலாம். வைத்தியசாலைக்கு வருடத் தொடக்கத்தில் ஒதுக்கீடு வரும். ஒதுக்கீடு என்றால் இவ்வளவு செலவு செய்யலாம் என்ற அனுமதி. கையில் வரும் காசு வேறு, அதற்குக் கட்டுநிதி என்று பெயர். அது திறைசேரியிலிருந்து மாதாமாதம் துளித்துளியாக வரும். அனுமதி இருக்கும், பில் சரியாக இருக்கும், கையெழுத்தெல்லாம் முடிந்திருக்கும், ஆனால் கட்டுநிதி வராததால் வவுச்சர் தட்டில் காத்துக்கிடக்கும். வந்த காசில் சம்பளமும் மேலதிக நேரமும் முதலில் போகும். அப்புறம் நோயாளிகளின் சாப்பாடு, ஒட்சிசன், மின்சாரம். விரிப்புக்காரர் வரிசையில் பின்னால். அரசின் கணக்கு வருடம் டிசம்பர் 31 இல் முடிவதால், டிசம்பரில் கொடுத்த பொருளின் பில் அடுத்த வருடக் காசுக்குத் தள்ளிப்போகும் ஆபத்து அதிகம். முடிந்தால் ஒக்டோபருக்குள் பொருளைக் கொடுத்து முடியுங்கள். எப்படியும் நம் பக்கத்தில் நவம்பர் தொடங்கினால் மழையும் வெள்ளமும். நூல் காயாது, பாதையும் நிச்சயமில்லை.

உங்கள் பக்கத்துத் தாமதமும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொள்வனவுக் கட்டளையின் இலக்கம் பில்லில் இருக்க வேண்டும். பொருள் ஏற்றுக்கொண்டதற்குக் களஞ்சியத்தின் கையெழுத்தும் திகதியும் உள்ள சீட்டின் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கின் பெயரும் வியாபாரப் பதிவின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தப் பெயர் வித்தியாசத்தால் மட்டும் மாதக் கணக்கில் நின்ற காசோலைகளைப் பார்த்திருக்கிறேன். விலை போடும்போது நான்கு மாத வட்டியையும் சேர்த்துப் போடுங்கள். கிடைத்தால் போதும் என்று அடிமட்ட விலை போட்டுவிட்டு, நூல் கடைக்காரருக்குக் கடன் ஏறி, தறியை விற்றவர்கள் இருக்கிறார்கள்.

சரி, போவதா விடுவதா? போங்கள். ஆனால் விரிப்போடு தொடங்காதீர்கள். ஆறு தறிக்கும் உங்கள் அகலத்துக்கும் பொருந்திய துணிகள் வைத்தியசாலைக்கு எத்தனையோ தேவை: தலையணை உறை, பிறந்த குழந்தையைச் சுற்றும் துணி, கைதுடைக்கும் துணி, கட்டில்களுக்கு இடையே மறைப்புத் துணி, இடுப்புக்குக் கீழே குறுக்காக விரிக்கும் சின்ன விரிப்பு. சத்திரசிகிச்சைக் கூடத் துணிகள் இப்போதைக்கு வேண்டாம், அதன் தரக்கட்டுப்பாடு வேறு மட்டம். மருந்து, சத்திரசிகிச்சைப் பொருட்கள் பெரும்பாலும் கொழும்பில் மருத்துவ வழங்கல் பிரிவு வழியாகவும் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் வழியாகவும் வருவதால், உள்ளூரில் வாங்கப்படும் பொருட்களில்தான் உங்களைப் போன்றவர்களுக்கு இடம்.

எங்கே கேட்பது என்பதிலும் ஒரு விளக்கம் வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருப்பது, அதன் கொள்வனவு தனி. பிரதேச வைத்தியசாலைகள் மாகாண நிருவாகத்தின் கீழ். அவற்றுக்குப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையில் விசாரிக்க வேண்டும். அம்பாறை மாவட்டத்துக்குள் அம்பாறை, கல்முனை என்று இரண்டு பிராந்தியம் உண்டு. உங்களுக்கு அருகில் கல்முனை. வருடக் கடைசியில் அடுத்த வருடத்துக்கு வழங்குநர்களைப் பதிவு செய்ய அறிவித்தல் போடுவார்கள். பொருள் வகை வகையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கட்டணத்தோடு பதிய வேண்டும். சின்னக் கொள்வனவுகளுக்கு அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குத்தான் கொட்டேசன் கேட்டுக் கடிதம் போகும். பட்டியலில் இல்லாதவருக்கு அப்படியொரு கொள்வனவு நடந்ததே தெரியாது. பெரிய ஒப்பந்தங்களுக்கு, 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்டால், 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவும் வேண்டும். அது இப்போது உங்களுக்குத் தேவைப்படாது.

கோரல் பத்திரம் கைக்கு வந்தால் அன்றைக்கே முழுவதும் வாசியுங்கள். விளங்காத இடத்தை மூடும் திகதிக்கு முன்னர் எழுத்தில் கேளுங்கள். கேட்பது குற்றமில்லை, பதில் எல்லோருக்கும் போகும். "45 அங்குல அகலத்தில் இணைத்த விரிப்பை ஏற்பீர்களா?" என்று அன்றைக்கு ஒரு வரி கேட்டிருந்தால், விரிப்பை விட்டுவிட்டு உறையில் முழுக் கவனத்தையும் வைத்திருப்பீர்கள். அகலத் தறி ஒன்று போடும் எண்ணம் இருந்தால், அதை ஒரு கொள்வனவுக் கட்டளையை நம்பிப் போட வேண்டாம். அக்கம் பக்கத்து நெசவாளர் நாலு பேர் சேர்ந்து ஒரு சங்கமாக, ஒருவரின் அகலத் தறியை எல்லோரும் பயன்படுத்தலாமா என்று பேசிப் பாருங்கள். 600 விரிப்பை ஆறு தறி தனியாக நெய்து, ஒப்புக்கொண்ட திகதிக்குக் கொடுப்பதே கஷ்டம், தாமதித்தால் தண்டப்பணம் வேறு.

உங்கள் விலைமனுவின் பிரதியில் நான் கவனித்த இடங்களில் சிவப்பு மையால் குறித்து, இத்தோடு திருப்பி அனுப்புகிறேன். பணிப்பாளருக்கு எழுத வேண்டிய கடிதத்தின் மாதிரி ஒன்றும் பின்னால் இருக்கிறது, திகதியையும் இலக்கத்தையும் நிரப்பினால் போதும். இந்த வாரமே தபாலில் போடுங்கள். பதில் வந்ததும் பிரதி எடுத்து எனக்கும் அனுப்புங்கள். அதோடு நீங்கள் நெய்த தலையணை உறை ஒன்றையும், பத்துத் தடவை கொதிநீரில் வெளுத்த பிறகு, சேர்த்து அனுப்புங்கள் தம்பி. தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.